ஆடித் தள்ளுபடிக்குப் போகிறவர்கள் அளவு டேப்பும் எடுத்துப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி பாதி தாண்டுவதற்குள் தங்கள் நாளிதழின் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. துணிமணி, பெட்ஷீட், பாத்திரம், செருப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் தள்ளுபடிக் கடைகளுக்கு அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, அஞ்செட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு நாளை ஒதுக்கி, பஸ் பிடித்து வருகின்றன. வீட்டுக்குப் போய் விரித்த பிறகுதான் பெட்ஷீட் மெத்தைக்குப் பத்தவில்லை என்று தெரிந்தால், அதை மாற்ற இன்னொரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். ஆகவே கடையை விட்டு வெளியே வருவதற்குள் எதைப் பார்த்துவிட வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன். விளம்பரம் வரும் அதே வாரத்தில் இதையும் வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் பலகையில் இருக்கும் கணக்கு. '50% + 20%' என்று போட்டிருந்தால் பலரும் 70% என்று கூட்டிக்கொள்கிறார்கள். 1,000 ரூபாய்ப் பொருள் முதலில் 500 ஆகும். அந்த 500-இல் 20% கழித்தால் 400. ஆக மொத்தத் தள்ளுபடி 60% தான். '2 வாங்கினால் 1 இலவசம்' என்றால் மூன்றும் ஒரே விலையாக இருந்தால்தான் 33% கிடைக்கும். இலவசமாகக் கழிவது எப்போதும் மூன்றில் விலை குறைந்தது. 999, 999, 599 என்று மூன்று சட்டை எடுத்தால் 2,597 ரூபாய்ச் சரக்குக்கு 1,998 கட்டுகிறீர்கள். தள்ளுபடி 23% மட்டுமே. மூன்றையும் ஒரே விலையில் எடுங்கள், இல்லையென்றால் எடுக்காதீர்கள். 3,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் கூப்பன், அது அடுத்த மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் செல்லும் என்பது இன்னொரு வகை. இரண்டு தடவையும் சேர்த்து 4,500 ரூபாய்ச் சரக்குக்கு 4,000 கட்டுகிறோம். 11% தான் தேறும், அதுவும் கூப்பனைத் தொலைக்காமல் தேதிக்குள் திரும்பி வந்தால். '70% வரை' என்பதில் 'வரை' என்ற சொல் ஏன் பொடி எழுத்தில் இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சதவீதம் எல்லாமே அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கழிக்கப்படுவது. அந்த விலையை அச்சிடுவது தயாரிப்பவரோ, அந்தப் பிராண்டுக்குச் சொந்தக்காரரோதான். அதற்கு மேல் விற்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, அந்த விலை நியாயமானதா என்று யாரும் பார்ப்பதில்லை. 1,999 என்று அச்சிட்டு 60% கழித்து 799-க்குக் கொடுத்தாலும், முதலிலேயே 799 என்று அச்சிட்டாலும் துணி அதே துணிதான். எத்தனை சதவீதம் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தத் துணி 799 பெறுமா என்று மட்டும் கேட்க வேண்டும். அதற்கு நமக்குப் பக்கத்திலேயே உரைகல் இருக்கிறது. குட்டி சூரத் என்று பெயரெடுத்த பர்கூரில் பலகையும் கூப்பனும் இல்லாமலே சேலை, சுடிதார்த் துணி, பெட்ஷீட் எல்லாம் மொத்த விலைக்கு ஓடுகின்றன. ஒரு தடவை அங்கே விலை கேட்டு வைத்துக்கொண்டால், எந்தக் கடையின் தள்ளுபடி மெய்யானது என்று கண் தானாகவே எடை போட்டுவிடும். பர்கூரில் வாங்கிய பிறகு மாற்றித் தருவது அரிது என்பதால், அங்கே ஒவ்வொரு பீஸையும் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுக்கும், தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் ரேக்கைக் காலி செய்ய வேண்டும். தள்ளுபடி பிறந்த காரணம் இது. அப்படி வெளியே வருவதில் பல வகை உண்டு. போன பருவத்தில் விற்காமல் நின்றது, எல்லா அளவும் இல்லாமல் உடைந்துபோன கட் சைஸ் சரக்கு, திருப்பூரில் ஆர்டர் போக மிஞ்சிய எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், சோதனையில் கழிந்த செகண்ட்ஸ், தள்ளுபடிக்கென்றே மெல்லிய துணியில் தைத்து வந்த சேல் சரக்கு. முதல் மூன்றும் நல்ல வாங்கல்தான். எல் அளவு மட்டும் பத்துச் சட்டை தொங்கினால் அது கட் சைஸ். உங்கள் அளவு அதுவானால் அதிர்ஷ்டம். எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எல்லா அளவும் அடுக்கடுக்காக, ஒரே டிசைனில் நாலு கலரில் இருந்தால் அது பெரும்பாலும் சேல் சரக்கு. அதைக் கட்டாயம் உரசிப் பார்க்க வேண்டும்.

டி-ஷர்ட்டை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். புதிதாக இருக்கும்போதே அது முன்பக்கம் திரும்பி ஓடினால், நாலு துவைப்பில் தையல் வயிற்றுக்கு வந்துவிடும். பின்னல் துணியின் முறுக்கு சரியாகப் பதப்படாத குறை அது. இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது. துணி எவ்வளவு கனம் என்பதை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்ற எண், சொல்லும். 160 முதல் 180 வரை தினப்படிக்குத் தாங்கும். 130-க்குக் கீழே போனால் கையை உள்ளே விட்டால் விரல் தெரியும். துணி ஓரம் பிரியாமல் உள்பக்கம் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையலை இரண்டு பக்கமும் லேசாக இழுத்து வெளிச்சத்தில் காட்டினால், ஊசி அறுத்த பொடி ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். செகண்ட்ஸில் இது அதிகம். துவைக்கத் துவைக்க ஒவ்வொரு ஓட்டையும் ஏணி மாதிரி ஓடும்.

சட்டையில் தையல் அடர்த்தியை எண்ணுங்கள். ஓர் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் இருக்க வேண்டும். 7, 8 என்றால் அக்குளிலும் தோள்பட்டையிலும் சீக்கிரம் பிரியும். உள்ளே தையலுக்கு விட்ட துணி அரை அங்குலமாவது இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு சுற்றுப் பிரித்து விடக்கூட வழியிருக்காது. காலரை இரண்டு விரலில் மடித்து விடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கேன்வாஸ் சரியாக ஒட்டாவிட்டால் 'சரசர' என்று தனியாக நகரும். அந்தக் காலர் முதல் துவைப்பிலேயே கொப்புளம் போடும். கட்டம் போட்ட சட்டையானால் பாக்கெட்டின் கட்டமும் உடம்பின் கட்டமும் சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் துணியை மிச்சம் பிடித்து வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்ற இடத்திலும் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

கலரைக் கடையின் விளக்கில் நம்ப வேண்டாம். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பார்த்தால்தான் கைக்கும் உடம்புக்கும் ஷேடு மாறுவதும், வெகுநாள் மடிப்பிலேயே இருந்து மடிப்புக் கோட்டில் நிறம் வெளுத்ததும் தெரியும். வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து உள்பக்கத் தையல் ஓரத்தில் பத்துத் தடவை தேயுங்கள். கருநீலம், மெரூன், கறுப்பு மூன்றும்தான் அதிகம் சாயம் விடும். பள்ளிச் சீருடை எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். கருநீல டவுசரோடு வெள்ளைச் சட்டையை ஊறவைத்த வீடுகளைக் கேட்டால் சொல்வார்கள். எலாஸ்டிக் வைத்த பேன்ட், உள்ளாடை, லெக்கிங்ஸ் என்றால் இழுத்துவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். பொறிவது போல் சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது. கிடங்கில் இரண்டு மூன்று கோடை கழித்த சரக்கு அது.

அளவைப் பற்றி ஒரு விஷயம். தொங்கவிட்டு விற்கும் ஆயத்த ஆடைகளுக்கு 2022-இல் பொட்டலப் பொருள் விதிகளிலிருந்து சில விலக்குகள் கொடுக்கப்பட்டன. அப்படியும் தயாரிப்பவர் அல்லது பிராண்டுக்குச் சொந்தக்காரரின் பெயரும் முகவரியும், எஸ், எம், எல் என்ற குறியுடன் சென்டிமீட்டர் அளவு, அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்புக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அட்டையில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். எம் என்ற எழுத்து பிராண்டுக்குப் பிராண்டு மாறும், சென்டிமீட்டர் மாறாது. நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றை வீட்டில் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், முழு உயரம் என்று மூன்று அளவு எடுத்துக் குறித்துக்கொண்டு போங்கள். ட்ரையல் ரூம் வரிசையில் அரை மணி நேரம் நிற்க வேண்டாம், வீட்டில் இருக்கிறவருக்கும் தைரியமாக எடுக்கலாம். சுருங்காமல் இருக்கப் பதப்படுத்தாத காட்டன் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 40 அங்குல மார்புச் சுற்றில் அது ஒன்றேகாலிலிருந்து 2 அங்குலம். அதற்கும் சேர்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மக்கள் அதிகம் ஏமாறுவது பெட்ஷீட்டில். 'டபுள்' என்று உறையில் போட்டிருப்பதை நம்பி எடுக்கிறார்கள். கணக்கு இதுதான்: மெத்தையின் அகலம், அதோடு இரண்டு பக்கக் கனம், அதோடு அடியில் சொருக இரண்டு பக்கமும் 6 அங்குலம். 72க்கு 78 அங்குல மெத்தை, 6 அங்குலக் கனம் என்றால் அகலத்துக்கு 96, நீளத்துக்கு 102 அங்குலம் வேண்டும். கடையில் டபுள் என்று கிடைப்பது பெரும்பாலும் 90க்கு 100. விரித்த முதல் நாள் பக்கத்துக்கு 3 அங்குலம்தான் அடியில் போகும். 5% சுருங்கினால் 85 அங்குலம் சொச்சம். சொருக எதுவுமே இருக்காது, புரண்டு படுத்தால் மெத்தை தெரியும். அந்த மெத்தைக்கு 108க்கு 108 எடுக்க வேண்டும். 60 அங்குல அகல மெத்தைக்கு 90க்கு 100 போதும். இப்போது வரும் 10 அங்குலக் கன மெத்தைகளுக்கு 108-உம் நீளத்தில் கொஞ்சம் இடிக்கும். உறையில் அங்குலமோ சென்டிமீட்டரோ இல்லாமல் வெறும் 'டபுள்', 'கிங்' என்று மட்டும் இருந்தால் தொடவே வேண்டாம்.

அடுத்தது 'கிளேஸ் காட்டன்' என்ற பெயர். பளபளவென்று பூப்போட்டு, தலையணை உறை இரண்டோடு மலிவாகக் கிடைக்கும் இந்தப் பெட்ஷீட்டுகள் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், பெயரில்தான் காட்டன். ஓசூர்க் குளிருக்குப் பரவாயில்லை. தருமபுரிச் சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டும். ஓரத்தில் பிசிறி நிற்கும் ஒரு நூலைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்து, கடினமான மணியாகத் திரளும். கலப்பு நூலானால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். மலிவான காட்டன் பெட்ஷீட்டில் வேறொரு வித்தை இருக்கிறது, கஞ்சி. கடையில் மொடமொடவென்று கனமாக இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக் கறுப்புத் துணி மேல் உதறினால் வெள்ளைப் பொடி விழும். கஞ்சி போன பிறகு அது கொசுவலை மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நூல் ஒரே சீராக நெருங்கி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சென்னிமலை, கரூர்ச் சரக்கில் பிரிண்ட் பகட்டு குறைவாக இருக்கலாம், ஆனால் நூல் நெருக்கத்தில் நல்ல தரம் எடுக்கலாம்.

திரைச்சீலையில் 'செட்' என்றால் இரண்டா ஒன்றா என்று உறையைத் திருப்பிப் படியுங்கள். ஒரு பேனல் 4 அடி அகலம். சுருக்கம் அழகாக விழ ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு பங்கு துணி வேண்டும். 6 அடி ஜன்னலுக்கு மூன்று பேனல். ஜன்னலுக்கு 5 அடி உயரம், கதவுக்கு 7 அடி என்பது பொதுவான அளவு. பழைய உயரமான நிலைவாசலுக்கு 9 அடி கேட்க வேண்டும்.

சேலைக்கு 5.5 மீட்டர், ரவிக்கைத் துணிக்கு 80 சென்டிமீட்டர், ஆக 6.3 மீட்டர். தள்ளுபடி மேசையில் குவிந்து கிடப்பதில் 'ரன்னிங் பிளவுஸ்' (சேலையோடு சேர்ந்தே வரும் ரவிக்கைத் துணி) என்று சொல்லி மொத்தமே ஐந்தரை மீட்டர் இருப்பது உண்டு. ரவிக்கைக்கு வெட்டியபின் கொசுவம் வராது. மீட்டர் கோலில் அளந்து காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாத்திரம் இரண்டு வார்த்தையில் முடியாது. ஊர்ப் பாத்திரக் கடையில் எவர்சில்வரை எடை போட்டு விலை சொல்வார்கள். தள்ளுபடிக் கடையில் பீஸ் கணக்கு. ஒரே அளவான இரண்டு குண்டாவில் ஒன்று 650 கிராமும் மற்றொன்று 900 கிராமும் இருக்கும். கடையின் தராசில் வைத்து, விலையை எடையால் வகுத்து, கிலோ என்ன விலை விழுகிறது என்று பார்த்தால்தான் மலிவா இல்லையா என்று தெரியும். கேஜ் எண் கூடினால் தகடு மெலிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்: 18 கனம், 22 மெலிசு. காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த எவர்சில்வர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது முழுக்கச் சரியல்ல. விலை உயர்ந்த 304 தரமும் விலை குறைந்த 202 தரமும் இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாது. ஆகவே பொறித்திருக்கும் தர எண்ணைப் பார்க்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்புக்கு மட்டும் அடிப்பக்கம் காந்தம் இறுகப் பிடிக்க வேண்டும். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேல் ஐஎஸ் 2347 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். முத்திரை இல்லாத குக்கர் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அடுப்படிக்குள் வரக் கூடாது.

செருப்பு, ஷூ வாங்கினால் பெட்டியில் உற்பத்தி மாதமும் ஆண்டும் பாருங்கள். பியு சோல் என்னும் லேசான அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தாலே காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்ல இற்றுவிடும். மூன்று நாலு வருடச் சரக்கானால் பார்க்கப் புதிதாக இருக்கும், போட்ட ஒரு மாதத்தில் கேக் மாதிரி உதிரும். 70% தள்ளுபடி ஷூவில் அதிகம் நடப்பது இதுதான்.

இனி பில். அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரியும் சேர்ந்தது. தள்ளுபடி கழித்துவிட்டு அதன்மேல் ஜிஎஸ்டி தனி என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்து வழக்கு ஒன்றில், தள்ளுபடி விலைக்கு மேல் வரியைத் தனியாக வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் தீர்ப்புச் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல், ஆயத்த ஆடை ஒன்றின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை என்றால் 5%, அதற்கு மேல் 18%. 3,500 ரூபாய் அச்சிட்ட சட்டை தள்ளுபடியில் 2,100-க்கு வந்தால் பில்லில் 5% தான் இருக்க வேண்டும். விலை அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் பழைய அச்சு விலையை மறைக்கக் கூடாது, கூட்டி ஒட்டவே கூடாது.

பைக்குப் பணம் என்றால் வாசலிலோ பில் போடும் முன்போ சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பில்லில் சேர்ப்பது முறையற்றது என்று அதே ஆணையம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. மஞ்சப்பையோடு போனால் அந்தப் பேச்சே எழாது. செல்போன் எண் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. '2 வாங்கினால் 1' பில்லில், இலவசப் பீஸ் பூஜ்யம் என்று போட்டிருக்கிறதா, தள்ளுபடி மூன்றுக்கும் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் ஒன்றைத் திருப்பும்போது அந்தப் பீஸுக்குக் கழித்த விலைதான் வரும். வெயிலிலும் பர்ஸிலும் இருந்தால் பில் எழுத்து மறைந்து வெறும் தாள் ஆகிவிடும். கல்லாவிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். ஆனால் கலர் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பது குறையாகாது. அது கடையின் சொந்த விதியைப் பொறுத்தது. அந்த விதியைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: எத்தனை நாள், அட்டை கிழியாமல் இருக்க வேண்டுமா, பணமா அல்லது அதே கடையில் வேறு பொருள் வாங்க மட்டும் செல்லும் கிரெடிட் நோட்டா, எடுத்த கிளையில்தான் மாற்ற முடியுமா. ஓசூரில் எடுத்ததைத் தருமபுரிக் கிளையில் வாங்க மாட்டேன் என்றால் அஞ்செட்டிக்காரர் என்ன செய்வார்?

கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். விலை அட்டை, ஸ்டிக்கர், அளவுக் குறிப்புக் கோளாறுகளுக்குத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாகக் கடை உரிமையாளர்களிடம் இரண்டு கேட்கிறேன். மாற்றும் விதியைத் தமிழில், தள்ளுபடிப் பலகையில் இருக்கும் அதே அளவு எழுத்தில், வாசலில் வையுங்கள். பெட்ஷீட், சேலைப் பிரிவில் ஒரு மீட்டர் கோலும், பாத்திரப் பிரிவில் ஒரு தராசும் வையுங்கள். இரண்டு மாவட்டத் தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் கேட்பது ஒன்று: தீபாவளிக்குச் செய்யும் ஆய்வை இந்த வருடம் ஆடி முதல் வாரத்திலேயே செய்யுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்த் திரும்பும் கூட்டம் கடைக்குள் நுழையும் முன்பே விலை அட்டைகள் சரியாகியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.